பழைய பேரில் கூப்பிட்டாலும்

– இன்னிக்கு நாலு மணிக்கு எடுத்துடப் போறோம், அண்ணி. அண்ணன் செஞ்ச வேலை. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கை வைக்க மனசு வரல.

– எதை எடுக்கப் போறீங்க? எனக்குப் புரியும்படி சொல்லுங்க, தம்பி.

– நாங்க ஊருக்கெல்லாம் குடுக்கிற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல நானூத்திப் பன்னெண்டு செட்டிங். ஆளாளுக்கு இஷ்டத்துக்குப் பேர் வெச்சிருந்தாங்க. ஒண்ணு முழுக்க இங்கிலீஷ் பெரிய எழுத்து, ஒண்ணு முழுக்கச் சின்னது, இன்னொண்ணு நடுவுல ஒட்டகத் திமில் மாதிரி புடைச்சுக்கிட்டு. அண்ணன் ரெண்டு வருஷம் உக்காந்து எல்லாத்தையும் ஒரே சீராக்கினார்.

– ஒரு கால்ல நீலம், ஒரு கால்ல கறுப்புன்னு சாக்ஸ் மாட்டிக்கிட்டுக் கிளம்புற மனுஷன்!

– ஆனா பழைய பேரை அழிக்கல. யாராவது அதை எழுதினா வேலையும் நடக்கும், ‘பேர் மாறியிருக்கு, சந்தேகம்னா இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க’ன்னு ஒரு வரியும் வரும். அவர் தவறிப்போன இந்தப் பதினாலு மாசத்துல ஆபீஸுக்கு ஒரு போன்கூட வரல. பழைய பேரை எவனும் சீண்டுறதில்ல, தூக்கிடுங்கன்னு புது மேனேஜர் குதிக்கிறார்.

– தூக்கினா?

– இன்னும் பழைய பேரை வெச்சிருக்கிறவங்க யாராவது இருந்தா, அவங்க மிஷின் கிளம்பாது.

– இருங்க, போன் அடிக்குது… ஹலோ. சொல்லுங்கம்மா. ரத்த வங்கியா? என்ன வரி வந்திருக்கு, படிங்க… ஆங், அதுவா. எல்லாம் சின்ன எழுத்து, வார்த்தைக்கு நடுவுல அடிக்கோடு. ‘மேக்ஸ்’ முதல்ல, ‘கனெக்‌ஷன்ஸ்’ அடுத்தது. பதறாதீங்க, பழைய பேர்லயும் ஓடும். நேரம் கிடைக்கும்போது மாத்திக்கங்க.

– அண்ணி… அது இந்த வீட்டு நம்பரா?

– ஆபீஸ் நம்பர் அடிக்கடி மாறுதுன்னு இதைப் போட்டுட்டார்.

– நாங்க பதினஞ்சு பேர். ஒருத்தனும் அதைக் கவனிக்கலயே! நீங்க கம்ப்யூட்டரைத் தொட்டதுகூட இல்லையே, அண்ணி?

– இல்ல. முதல்ல அவர் நோட்டைப் பார்த்துத்தான் சொன்னேன். அப்புறம் நோட்டே தேவைப்படல. அவர் வெச்ச பேர் அப்படி, தம்பி. ஒண்ணைத் தெரிஞ்சுக்கிட்டா அடுத்தது தானா வாயில வருது.

– எனக்குப் புல்லரிக்குது. நாங்க மேனுவலைப் புரட்டாம நாலு செட்டிங் பேர்கூடச் சொல்ல மாட்டோம். எத்தனை இடத்துலேர்ந்து கூப்பிட்டிருப்பாங்க?

– இருநூறுக்கு மேல. ஒரு கப்பல், ஒரு தண்ணீர் நிலையம், ரெண்டு நூலகம்…

– அம்மாடி! நான் இப்பவே ஆபீஸுக்குச் சொல்லிடறேன், நாலு மணிக்கு எதையும் எடுக்கக் கூடாது. பழைய பேரெல்லாம் இருக்கட்டும். நம்பரை மட்டும் மாத்திடறேன், உங்களுக்கு இனிமே இந்தத் தொந்தரவு வேணாம்.

– நம்பரை மாத்தாதீங்க.

– ஏன் அண்ணி?

– போனை வைக்கும்போது எல்லாரும் ‘சாரை விசாரிச்சதாச் சொல்லுங்க’ங்கறாங்க. வெளிய போயிருக்கார், வந்ததும் சொல்றேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.