வருகை குறைந்த பக்கம்

புது வெப்சைட் அழகா இருக்குன்னு பார்த்தவங்க எல்லாரும் சொல்றாங்க. சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் அது பிடிச்சுத்தான் இருக்கு. முதல் பக்கத்துல ஒரு படம் இருக்கும், பாருங்க. குளிச்சு முடிச்ச குழந்தையை ஒரு அம்மா துண்டுல சுத்தித் தூக்கி வச்சிருப்பாங்க. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருப்பாங்க. அந்தப் படத்தைத் தேடிப் பிடிக்கவே எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

கம்பெனி எங்க அத்தானோடது. குளியலறைக்கு வெந்நீர் தர்ற கேஸ் ஹீட்டர் விற்கிறார், ஆள் அனுப்பிப் பொருத்தியும் கொடுக்கிறார். ஒன்றரை வருஷம் வேலையில்லாம வீட்டோட இருந்த என்னை, "தம்பிக்குக் கம்ப்யூட்டர் நல்லா வரும்"னு அக்காதான் அவர்கிட்ட சொல்லி உள்ளே நுழைச்சா. பழைய வெப்சைட் எப்பவோ யாரோ எழுதிக் கொடுத்தது. ஒரு போன் நம்பர் மாத்தணும்னாகூட அந்த ஆளைத் தேடி அலையணும். அதை, பெட்டி பெட்டியா இழுத்து வச்சாலே பக்கம் தயாராகிற ஒரு புதுத் தளத்துக்கு மாத்தறதுதான் எனக்குக் கொடுத்த முதல் வேலை.

பழசுல மொத்தம் நூத்திநாற்பது பக்கம். வீடு மாத்தும்போது உடைஞ்ச வாளியை யாரும் வண்டியில ஏத்தறதில்லையே. அதனால ஒரு விதி வச்சுக்கிட்டேன். மாசத்துக்குப் பத்துப் பேர்கூடப் பார்க்காத பக்கம் தேவையில்லை. பட்டியலை பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் நேரா 'வேணும்', 'வேணாம்'னு எழுதினேன். விட்டுட்டுப் போற பக்கத்தோட முகவரிக்கு யாராவது வந்தா 'பக்கம் இல்லை'ன்னு காட்டும், பார்க்க அசிங்கமா இருக்கும். அப்படி வர்றவங்க எல்லாரும் நேரா முதல் பக்கத்துக்கே போற மாதிரி ஒரே ஒரு செட்டிங் போட்டேன். இந்த வேலையில இருக்கிற நிறைய பேர் அப்படித்தான் செய்வாங்க.

பட்டியலை ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டினேன். கம்பெனி ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஹீட்டர் பொருத்தற ஃபிட்டர் அண்ணன், கண்ணாடியை மாட்டிக்கிட்டு வரி வரியா விரல் வச்சுப் படிச்சார். ஐம்பத்தாறாவது வரியில விரல் நின்னுச்சு.

"என்ன தம்பி, இதைப் போய் எடுத்துட்டீங்க?"

"வருஷத்துக்கே நாலு பேர்தான் பார்த்திருக்காங்க அண்ணே."

"யாரும் பார்க்கிற நிலைமை வரக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டுப் போட்ட பக்கம் அது. பார்க்கிற அன்னைக்கு இருக்கணும்ல?"

நாங்க விற்கிற ஒவ்வொரு ஹீட்டர் மேலயும் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். தீ நீலமா எரியாம மஞ்சளா எரிஞ்சா இந்த க்யூஆர் கட்டத்தை போன்ல ஸ்கேன் பண்ணுங்கன்னு எழுதியிருக்கும். பண்ணினா அந்தப் பக்கம் வரும். உடனே அணைங்க, ஜன்னலைத் திறங்க, எல்லாரும் வெளியே வாங்க, புகைக்குழாய் அடைச்சிருக்கு, வாசனையே இல்லாத விஷப்புகை வரும், எங்களைக் கூப்பிடுங்க. அவ்வளவுதான் அதுல இருக்கும்.

"ஏசி ரூம்ல உட்கார்ந்திருக்கிறவருக்குத் தீயோட நிறம் எங்கே தெரியப்போகுது?"ன்னு சொல்லி அண்ணன் சிரிச்சார். ஆபீஸ்ல கணக்கு எழுதற அக்காவும் சிரிச்சா. வெறும் கேலிதான், அவர் மனசுல ஒண்ணை வச்சுக்கிட்டுப் பேசற ஆளே இல்லை. ஆனா ஒன்றரை வருஷமா ஊரோட கேலியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போயிருந்துச்சு. அவரே என் பேனாவை வாங்கி, 'வேணாம்'ங்கறதை அடிச்சு, 'அவசியம் வேணும்'னு எழுதி, தேதியும் போட்டார். நான் சரின்னு தலையாட்டினேன்.

மறந்துட்டேன்னு சொன்னா நீங்க சுலபமா நம்பிடுவீங்க. நான் மறக்கல. ஐம்பத்தஞ்சை முடிச்சதும் ஐம்பத்தாறைப் பார்த்தேன். அவர் கையெழுத்தையும் பார்த்தேன். ஐம்பத்தேழுக்குப் போயிட்டேன். இன்னொரு தடவை வந்து என்கிட்ட கேட்கட்டும், அப்ப போட்டுக் கொடுக்கலாம்னு இருந்தேன். அவர் கேட்கவே இல்லை. நான் தலையாட்டினதை நம்பிட்டார்.

புது வெப்சைட் வந்த பதினேழாம் நாள், காலையில பத்து மணிக்கு அத்தானுக்கு போன் வந்துச்சு. வெளியூர் பேங்க்ல வேலை பார்க்கிற ஒருத்தரோட வீடு. ஃபிட்டர் அண்ணன்தான் அங்கே ஹீட்டர் பொருத்தியிருந்தார். வீட்டுக்காரர் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பின பிறகு, அவர் மனைவியும் நாலு வயசு மகளும் குளியலறையிலேயே இறந்துபோயிருந்தாங்க. ஆபீஸ்ல இருந்த எல்லாரும் அங்கே ஓடினாங்க. நான் மட்டும் உட்கார்ந்து, வெப்சைட்டுக்கு யார் யார் வந்தாங்கன்னு காட்டற பதிவைத் திறந்தேன்.

ஏழு பன்னிரண்டு. மறுபடியும் ஏழு பன்னிரண்டு. ஏழு பதிமூணு. ஏழு பதினஞ்சு. ஒரே போன்லேர்ந்து நாலு தடவை அந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணியிருக்காங்க. நாலு தடவையும் என்னோட முதல் பக்கம்தான் வந்திருக்கு, துண்டுல சுத்தின குழந்தையோட. ஆபத்துன்னா இப்படியா சிரிச்ச முகத்தைக் காட்டுவாங்கன்னு நினைச்சிருப்பாங்க. அஞ்சாவது தடவை பண்ணல.

 ஒரு எழுத்தைக்கூட நான் தப்பாத் தட்டல. அதை நினைச்சா இப்பவும் எனக்கே பயமா இருக்கு. அந்தப் பக்கத்தைப் புதுத் தளத்துல, அதோட பழைய முகவரியிலேயே போட்டேன். தேதிக்குன்னு ஒரு கட்டம் இருக்கு, அதுல பதினேழு நாள் முந்தின தேதியைக் கொடுத்தேன். வருகைப் பதிவை அழிச்சேன். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு நிமிஷம்.

மதியம் இன்ஸ்பெக்டர் அந்த ஸ்டிக்கரை ஸ்கேன் பண்ணினார். பக்கம் ஒழுங்கா வந்துச்சு. புகைக்குழாய்க்குள்ள சிமென்ட் கட்டி அடைச்சிருந்தது. பொருத்தும்போதே விழுந்ததா, அப்புறம் அந்த வீட்டுல சுவர் பூசினப்ப விழுந்ததான்னு யாராலயும் சொல்ல முடியல.

"ஸ்டிக்கரைக் காட்டி நான் சொல்லிக் கொடுத்தேன் சார். மஞ்சளாத் தெரிஞ்சா அந்தம்மா கண்டிப்பா பார்த்திருப்பாங்க"ன்னு அண்ணன் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார். "இன்னைக்குக் காலையில இந்தப் பக்கத்தை யாராவது பார்த்தாங்களா?"

"யாரும் பார்க்கல சார்."

அவ்வளவுதான் நான் சொன்னது. குழாயையும் சரியாப் போடல, சொல்லியும் கொடுக்கல, இப்ப பொய்யும் சொல்றார்னு அவரைக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அந்தம்மாவோட போனைத் திறந்து பார்க்கணும்னோ, அந்தப் புதுத் தளத்தை நடத்தற கம்பெனிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கணும்னோ யாருக்கும் தோணல.

வாரா வாரம் அவர் மனைவியை நான்தான் கார்ல ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போவேன். அண்ணின்னுதான் கூப்பிடுவேன். நாலாவது மாசம் ஒரு நாள், திரும்பி வர்றப்ப அவங்க சொன்னாங்க: "இப்பல்லாம் சரியாச் சாப்பிடறதே இல்லை தம்பி. 'அந்தப் பொண்ணு பார்க்கவே இல்லைன்னா, நான் சொல்லிக் கொடுக்காமலே வந்துட்டேனோ'ன்னு என்கிட்டயே கேட்கிறார். திங்கட்கிழமை கோர்ட்ல குத்தத்தை ஒத்துக்கப் போறாராம்." எனக்கு அழுகை வந்துடுச்சு. நிஜமான அழுகைதான். காரை ஓரங்கட்டினேன். அவங்கதான் என் தோளைத் தட்டி, "நீங்க ஏன் தம்பி அழறீங்க? நீங்க இல்லைன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்?"னு தேத்தினாங்க.

அன்னைக்கு சாயங்காலமே உட்கார்ந்து இதை எழுதினேன். கம்பெனி வெப்சைட்லயே ஒரு தனிப் பக்கமா எழுதினேன். ஐம்பத்தாறாவது வரி இருக்கிற தாளையும் படம் பிடிச்சுக் கீழே சேர்த்திருக்கேன், அவர் எழுதின தேதி தெளிவாத் தெரியும். அந்தம்மாவையும் குழந்தையையும் கொன்னது நான். அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லை. 'வெளியிடு'ங்கற பட்டனை ஒரு தடவை அழுத்தினா ஊருக்கே தெரிஞ்சுடும்.

அந்தத் திங்கட்கிழமை போய் ரெண்டு மாசம் ஆகப்போகுது. அவருக்கு அஞ்சு வருஷம் கொடுத்திருக்காங்க. நான் தினமும் இந்தப் பக்கத்தைத் திறந்து, ஒரு சொல்லை மாத்தி, ஒரு வரியைச் சரி பண்ணி, அந்த பட்டனை அழுத்தாமலே மூடி வச்சுடறேன். எத்தனை பேர் பார்த்திருக்காங்கன்னு மேலே ஓரத்துல காட்டுது. இதுவரைக்கும் ஒருத்தரும் இல்லை. யாருமே பார்க்காத பக்கத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னுதான் இப்ப யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.