‘சூடானபின்’ என்ற கட்டம்

மேடையில் அமர்ந்திருக்கும் பணிமனைச் சங்கத் தலைவர் அவர்களே, என் அண்ணனை வழியனுப்பிவிட்டு மறுபடி இங்கே கூடியிருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். நான் கூட்டத்தில் பேசிப் பழகாதவள். கடவுளை வேண்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஆட்டோமேட்டிக் கார்களின் கோளாறு தீர்த்த ‘கியர் வைத்தியர்’ என் அண்ணன். அவருடைய சோதனை நோட்டை எழுதியவள் நான். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு கட்டம்: இன்ஜின் ஆறியிருக்கும்போது ஒன்று, சூடானபின் ஒன்று. இரண்டும் நிரம்பாமல் ஒரு வண்டியாவது வெளியே போனதுண்டா? “டாக்டரைப் பாத்ததும் வலி நின்னு போற மாதிரி, ஆறின வண்டி என்னைப் பாத்தா நல்ல பிள்ளையா நடிக்கும் தங்கச்சி. வேர்க்க வச்சாத்தான் உண்மையைச் சொல்லும்” என்பார்.

கடைசியாக அவர் தொட்டது, இதோ மூன்றாம் வரிசையில் இருக்கும் மருத்துவச்சி அம்மாவின் கார். இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறாமல் இன்ஜின் வீணாக இரையும். மூன்று பணிமனைகள் கியர்பாக்ஸையே மாற்றச் சொல்லிவிட்டன. அண்ணனோ, உள்ளே ஆயிலைத் திருப்பிவிடும் சின்ன மின்வால்வுதான் பழுது என்று அதை மட்டும் மாற்றினார். ஆறிய வண்டி அலுங்காமல் ஓடியது. முதல் கட்டத்தை நிரப்பினேன். இரண்டாவது நிரம்புவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இன்று காலை அந்த மருத்துவச்சி அம்மா கேட்டார்: “ரெண்டு பேருக்கு நாள் நெருங்கிடுச்சும்மா. நாளைக்கு வண்டியை எடுத்துக்கலாமா?” பணிமனைத் தம்பிகள், “அண்ணன் பாத்த வண்டிக்கா, குடுத்துடலாம்” என்றார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. பணிமனை எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் உட்காரவைத்து முக்கால் மணி நேரம் ஓட்டினேன். மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியர் விழவில்லை. இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை, பின்னால் லாரி.

அண்ணனின் கணிப்பு தவறு. “இரங்கல் கூட்டத்துல போய் இதையா பேசுவே?” என்று அண்ணி தடுத்தார்கள். வேறு எங்கே பேசுவது? ஒயரா, உள்ளே தேய்மானமா, எங்களுக்கு இன்னும் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்றே எழுதச் சொன்னவர் அவர். அவர் பெயரைக் காப்பாற்ற நான் பொய் எழுதவா? அந்தப் பொய்யில் ஏறி இந்த அம்மா பிரசவத்துக்குப் போகவா?

அம்மா, உங்கள் கார் நாளைக்கு வராது. பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தம்பிகளோடு சேர்ந்து மறுபடி பிரித்துப் பார்ப்போம். கோளாறு அகப்படும்வரை விடமாட்டோம். அண்ணன் படத்துக்கு முன் நான் தரும் வாக்கு இது. அவர் ஆன்மாவைக் கடவுள் தம்மிடம் சேர்த்துக்கொள்ளட்டும்.

அதுவரை எங்கள் வீட்டு வண்டி இருக்கிறது, நானே ஓட்டி வருகிறேன். நாளைக்கு எத்தனை மணிக்கு உங்கள் வாசலில் நிற்க வேண்டும், சொல்லுங்கள்.