வேண்டுதல் நாய்க்கு, மொட்டை எனக்கு

அறுபத்து நாலாம் வருஷமோ அஞ்சோ, சித்திரை வெயில். வைத்தீஸ்வரன் கோயிலிலிருந்து கடலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் இளம்பெண், மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தாள். மடியில் ஒரு வெள்ளைச் சடை நாய். பூனை அளவுதான் இருக்கும், ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. சிதம்பரத்தில் அவளுடைய நாத்தனார் ஏறினார். பக்கத்தில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"நாய்க்கு வாந்தி நின்னதுக்கு நீ மொட்ட போட்டுக்கிட்டியா? எங்கியாச்சும் உண்டாடி இது?"

"இதோட முடியத்தான் எறக்குறேன்னு வேண்டிக்கிட்டேன் அண்ணி. மாட்டு டாக்டரு கூடவே கூடாதுன்னுட்டாரு. வெயிலுக்கு அந்தச் சடைதான் அதுக்குக் கொடையாம். சாமிகிட்ட சொன்னது சொன்னதுதானே? என் முடியக் குடுத்துட்டேன்."

"தெருவே சிரிக்கப் போவுது."

"சிரிக்கட்டும். நாளைக்கு முக்காடு போடாமத்தான் தண்ணிக்குப் போவேன்."

கண்டக்டர் விசில் ஊதினார். நாய் துள்ளி எழுந்து அவரைப் பார்த்துக் குரைத்தது. அவள் அதன் வாயைப் பொத்தவில்லை.

"போன வருஷம் என் தம்பி டைபாய்டுல கெடந்தானே, அவனுக்கு ஒரு மொழம் பூவாச்சும் வேண்டிக்கிட்டியா நீ?"

"அவுருக்கு வேண்டிக்க அத்தை இருக்காங்க, நீங்க இருக்கீங்க. இதுக்கு என்னை விட்டா யாரு இருக்கா?"