இரண்டு பஞ்சாங்கங்களுக்கு இடையில்

கூடுவாஞ்சேரித் தண்ணீரில் பருப்பு எளிதில் வேகாது. எங்கள் ஊரில் ஆவதைப்போல் இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும். குடிவந்த முதல் வாரத்திலேயே இதைக் கவனித்தேன்; யாரிடமும் குறை கூறவில்லை. வந்து சேர்ந்த இடத்தைக் குறை கூறுவது முறையன்று.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், அம்மா. நீங்கள் இன்ஸ்பெக்டர், உங்கள் வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. நானும் வரிசை தவறாமல் சொல்கிறேன். முடிக்கும்வரை குறுக்கிட வேண்டாம்.

என் பெயர் ஞானாம்பாள். திருக்காட்டுப்பள்ளிக்கு அருகே, குடமுருட்டிக் கரையில் எங்கள் வீடு. என் கணவர் பஞ்சநதம் சென்ற பங்குனியில் இறந்தார். அவர் இறந்த விதத்தைப் பற்றி என் மருமகள் ஜெயபாரதி எழுதிக் கொடுத்திருப்பது பெரும்பாலும் சரி. சில இடங்களைத் திருத்த வேண்டும், அதற்காகவே பேசுகிறேன்.

என் மகன் மதிவாணனுக்கு இங்கே கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. அவனுடைய மனைவியும் மகள் குந்தவையும் எங்களுடன் ஊரில் இருந்தார்கள். என் கணவர் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வலக்கையும் வலக்காலும் விளங்கவில்லை, பேச்சு குழறியது, அறிவு மட்டும் தெளிவாகவே இருந்தது. அவரைச் சாய்வாக உட்காரவைத்து, கஞ்சியைச் சிறு கரண்டியால் கொஞ்சங்கொஞ்சமாக ஊட்ட வேண்டும். படுத்திருக்கும்போது எதுவும் கொடுத்தால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும் என்று தஞ்சாவூர் மருத்துவர் எங்கள் இருவரிடமும் இரண்டு முறை சொல்லியிருந்தார். நான் எதையும் மறப்பவள் அல்லள்.

தை மாதம் மதிவாணன் ஊருக்கு வந்தபோது செய்தியைச் சொன்னான்.

"பரீட்சை முடிஞ்சதும் பாரதியையும் பாப்பாவையும் கூடுவாஞ்சேரிக்கு அழைச்சிட்டுப் போறேம்மா. வீடு பாத்தாச்சு. ரெண்டே ரூம். நீங்க அப்பாவைப் பாத்துக்குங்க. நான் மாசாமாசம் வந்துடுவேன்."

"அப்பாவுக்கு அப்புறம்?" என்று கேட்டேன்.

"ஏம்மா இப்பவே அதெல்லாம்? அப்புறம் ஒரு வருஷம் வீட்டுல விளக்கு எரியணும்ல. நீங்க இங்க இருந்தாத்தான் சரி."

தனியாக இருக்க அஞ்சினேன் என்று மருமகள் எழுதியிருக்கிறாள். அது தவறு. ஒரு குடும்பம் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்பதே என் கொள்கை. எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகள் பூட்டிக் கிடந்தன; சிலர் திருப்பூரில், சிலர் சிங்கப்பூரில். இருட்டத் தொடங்கியதும் எங்கள் வீட்டில் மட்டும் விளக்கெரியும். அறையிலிருந்து அவருடைய மூச்சு கேட்கும். கொல்லைக் கதவைத் தாழிட்டேனா என்று நான் பல முறை எழுந்துபோய்ப் பார்ப்பதுண்டு. அதற்குப் பெயர் அச்சமன்று, கவனம்.

மாசியில் மேலத்தெருத் தங்கமணியின் மாமனார் சதய நட்சத்திரத்தில் இறந்தார். உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருப்பினும் சொல்கிறேன். அவிட்டம் தொடங்கி ரேவதி முடிய அடுத்தடுத்து வரும் ஐந்து நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால் அந்த வீட்டுக்கு ஆறு மாதம் அடைப்பு. சில ஊர்களில் இறந்தவரின் அறையை மட்டும் அடைப்பார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டையே பூட்டிவிடுவார்கள். யாரும் உள்ளே குடியிருக்கக் கூடாது. இருந்தால் இன்னும் சாவு விழும் என்பது நம்பிக்கை. தங்கமணியின் உறவினர்களே பூட்டு வாங்கிவந்து பூட்டினார்கள். அவளுடைய மகன் வேன் பிடித்து அவளைத் தாம்பரத்துக்கு அழைத்துப்போனான். அவள் அவனிடம் கேட்கவே இல்லை. ஊர் கேட்டது, அவன் கீழ்ப்படிந்தான்.

அந்த வேன் போவதை நான் வாசலில் நின்று பார்த்தேன். என் கணவர் சன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் செய்த ஒரே பிழை, நாள் பார்க்க அவரையே கேட்டது. எங்கள் வீட்டில் பஞ்சாங்கம் பார்ப்பவர் அவர்தாம். நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"அடுத்த அவிட்டம் எப்பங்க வருது?"

அவர் என் முகத்தையே நெடுநேரம் பார்த்தார். அன்று மாலையிலிருந்து என் கையால் எதையும் உண்ணவில்லை.

அந்த அவிட்டம் வந்தபோது, மருமகளின் முந்தானையை இடக்கையால் பிடித்துக்கொண்டார். "ரேவதி முடியற வரைக்கும் நீ பக்கத்துலயே இரும்மா" என்றார். அவள் அதை நோயாளியின் பிதற்றல் என்று நினைத்தாள். "இருக்கேன் மாமா, எங்க போயிடப் போறேன்?" என்று சிரித்தாள். அவள் குளிக்கப் போனால் குழந்தையைக் கூப்பிட்டுக் கட்டிலில் உட்காரவைத்துக்கொள்வார். ஒவ்வொரு நாளும் விடிந்ததும் குந்தவையிடம் தம் பஞ்சாங்கத்தைக் கொடுத்து அன்றைய நட்சத்திரத்தைப் படிக்கச் சொல்வார். நான் அறைக்குள் போனால் பேச்சை நிறுத்திவிடுவார். நான் தண்ணீர் வைத்தால் குவளையைத் தொடாமல், மருமகள் வரும்வரை தாகத்தோடு இருப்பார். அவருடைய கண்கள் மட்டும் என் கைகளைப் பின்தொடர்ந்துகொண்டே இருக்கும்.

அதனால் எனக்கு வருத்தமில்லை. அச்சம் நோயாளிகளுக்கு இயல்பு.

அந்த நாள்களில் ஒருநாள், எங்கள் நிலத்தைக் குத்தகைக்குச் செய்யும் சிங்காரவேலு, அறுத்தடித்த உளுந்தைக் கொண்டுவந்தார். கட்டிலருகே உட்கார்ந்து வழக்கம்போல் கேலி செய்தார்.

"என்னங்க ஐயா, இன்னமும் திருக்கணிதந்தானா? ஊரே வாக்கியம் பாக்குது, நீங்க மட்டும் தனி ரூட்டு."

"வாக்கியம் தப்புடா," என்றார் இவர் குழறலாக. "வானத்துல இருக்கறது வேற, அதுல போட்டிருக்கறது வேற."

"வானம் எப்படியோ போவட்டும், நம்ம ஐயருக்கு வாக்கியந்தான். நாளைக்கு நமக்குக் காரியம் பண்ணப்போறவரு அவருதானே?"

சிங்காரவேலு தொடையைத் தட்டிச் சிரித்தார். என் கணவரும் சிரித்தார். பல நாள்களுக்குப்பின் அவர் சிரித்தது அன்றுதான். நான் சிரிக்கவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன்.

திருக்கணிதம், வாக்கியம் என்று பஞ்சாங்கம் இரண்டு வகை. ஒரே நட்சத்திரம் ஒன்றில் முன்னதாக முடியும். மற்றொன்றில் சற்றுப் பின்னால் முடியும். அம்முறை ரேவதி, திருக்கணிதப்படி நண்பகலுக்கு முன்பே முடிந்தது. வாக்கியப்படி அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் எஞ்சியிருந்தது. நான் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

அன்று குந்தவையின் மாற்றுச் சான்றிதழை வாங்க மருமகள் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. நான் அவளை அனுப்பியதாக எழுதியிருக்கிறாள். அதுவும் தவறு. அனுப்பியவர் என் கணவர். தம் பஞ்சாங்கத்தைக் குழந்தையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார், கேட்டார், அவர் தோள்கள் தளர்ந்தன.

"முடிஞ்சிடுச்சும்மா. அசுவினி பொறந்தாச்சு. நீ பாப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வா" என்றார்.

அவர்கள் போனபின் நான் கஞ்சி கொண்டுபோனேன். அவிட்டம் பற்றி நான் கேட்ட நாளுக்குப்பின் முதன்முறையாக என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பசித்திருந்தார். கண்களில் நீர் இருந்தது. என்னைப் பற்றித் தவறாக நினைத்துவிட்டோம் என்று வெட்கப்பட்டிருக்கலாம்.

"பயந்துட்டேன், ஞானம்" என்றார்.

முதல் இரண்டு கரண்டிகளை உட்காரவைத்தே ஊட்டினேன். பிறகு முதுகுக்குக் கொடுத்திருந்த தலையணைகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்புக் கலையாமல் கால்மாட்டில் அடுக்கினேன். அவர் தலை மெத்தையில் படிந்தது. அப்போது கேள்வியாகப் பார்த்தார். அவரை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை.

"ஊரு வாக்கியந்தானே பாக்குதுங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. இடக்கையை உயர்த்தினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, ஊட்ட வேண்டியதை ஊட்டினேன். சத்தம் அதிகமில்லை. வாக்கியப்படி ரேவதி முடிவதற்குள் அறை அமைதியாகிவிட்டது. வாயைத் துடைத்து, நெற்றியில் திருநீறு இட்டு, அதன்பிறகே அழுதேன். அழுகையில் போலியில்லை.

நட்சத்திரத்தை ஐயர் கணித்துச் சொன்னபோது கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். "ரேவதி. ஆறு மாசம் அடைப்பு. வீட்டைப் பூட்டிடுங்கோ" என்றார்.

"ரேவதி முடிஞ்சிடுச்சுன்னு மாமாவே சொன்னாங்களே" என்றாள் ஜெயபாரதி.

"அது அவர் பஞ்சாங்கம்மா. ஊருக்கு வேற" என்று நான் விளக்கினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கட்டிலின் கால்மாட்டில் அடுக்கியிருந்த தலையணைகளைப் பார்த்தாள். குழந்தையை இழுத்துத் தனக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். அவள் பேசினால் யார் நம்புவார்கள்?

காரியம் முடிந்ததும் உறவினர்கள் பூட்டினார்கள். மதிவாணன் வேனில் எனக்கு முன்னிருக்கையைக் கொடுத்தான். நாங்கள் நால்வரும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தோம். என் கொள்கை நிறைவேறியது.

இங்கே நான் வீட்டை ஒழுங்குபடுத்தினேன். மருமகளிடந்தான் ஒழுங்கில்லை. நான் சமைத்ததை முதலில் தான் உண்டு, சற்று நேரம் காத்திருந்து, பிறகே குழந்தைக்குக் கொடுப்பாள். படுக்கப்போனால் அறையை உள்ளே தாழிடுவாள். நான் கூடத்தில் படுத்திருப்பேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் உறங்காமல் புரள்வது கேட்கும்.

ஆனியில் ஒருநாள் அவர்கள் பேசியது காதில் விழுந்தது.

"அடைப்பு முடிஞ்சதும் அத்தையை ஊர்ல கொண்டுபோய் விட்டுடுங்க. இல்லாட்டி நானும் பாப்பாவும் போயிடுறோம்."

"ஏன்டி இப்படிப் பேசுற? அப்பா போன துக்கத்துல இருக்காங்க."

"துக்கமா? அவங்க முகத்தை ஒரு தடவை நல்லாப் பாருங்க."

விளக்கை அணைத்தபின் மதிவாணன், "சரி, புரட்டாசியில விட்டுடலாம்" என்றான்.

ஆடி மாதம் குந்தவைக்குக் காய்ச்சல் வந்தது. நோயுற்ற குழந்தை இருக்கும் வீட்டில் கூடுதலாக ஓர் ஆள் தேவைப்படும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து பெரியவர்களை யாரும் அனுப்பிவிட மாட்டார்கள். காய்ச்சல் இரண்டே நாளில் தணியத் தொடங்கியது. மருமகள் குளித்துக்கொண்டிருந்தாள். நான் கஞ்சி கொண்டுபோனேன். குழந்தை அரைத்தூக்கத்தில், படுத்தபடியே வாயைத் திறந்தாள். தலையணை இடைஞ்சலாக இருந்தது; எடுத்து ஓரத்தில் வைத்தேன்.

கதவில் ஜெயபாரதி நின்றாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். என் கையிலிருந்த கரண்டியைத் தட்டிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு, செருப்பில்லாமல் படியிறங்கிப் போனாள்.

என்ன செய்ய இருந்தேன் என்று கேட்கிறீர்கள். குறுக்கிட வேண்டாம் என்று சொன்னேன். கஞ்சி கொடுக்க இருந்தேன்.

என் கணவரின் இறப்பைப் பொறுத்தவரை, செய்தது நான், தெரிந்தே செய்தேன், குடும்பம் பிரியாதிருக்கச் செய்தேன். கையெழுத்திடுகிறேன்.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். மருமகள் தஞ்சாவூர்ப் பேருந்தில் ஏறி நேரே எங்கள் ஊர் வீட்டுக்குப் போயிருக்கிறாள். சிங்காரவேலுவை வைத்துப் பூட்டை உடைத்து, அடைப்புக் காலம் முடியுமுன், யாரும் காலெடுத்துவைக்க அஞ்சும் அந்த வீட்டில், அவர் இறந்த அறையிலேயே குழந்தையுடன் படுத்துறங்குகிறாளாம். நன்றாக உறங்குகிறாளாம். சாவு குடியிருக்கும் வீட்டுக்கே ஓடும்படி இங்கே அப்படி எதைக் கண்டு பயந்தாள் என்று மதிவாணனிடம் கேட்டேன். அவன் தன் அறைக்குள் போய், கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டான்.