அதிகப்படி ரெண்டு டெரா

“ஹார்ட் டிஸ்க்கு பாதிதான் வந்துகீதுன்னு ஸ்டோர்ல எழுதிட்டாங்கண்ணா.”

கும்மிடிப்பூண்டியிலிருந்து திரும்பும் சாயங்கால லோக்கல். சொன்னவர் ஏதோ இரும்புக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்ப்பவர். மடியில் துணிப்பை. பக்கத்தில் இருந்தவர் செய்தித்தாளை மடித்தார்.

“பாதி எப்டி வரும்?”

“டப்பா மேல நாலு டெராபைட்டுன்னு போட்டுக்கீது. எங்க கம்ப்யூட்டரு பழசு, ரெண்டுக்கு மேல அதுக்குத் தெரியாது. ஸ்டோர்காரரு அதைப் பாத்துட்டு, வந்தது ரெண்டுன்னு ரிஜிஸ்தர்ல ஏத்திட்டாரு.”

“புதுக் கம்ப்யூட்டர்ல மாட்டிக் காட்றது?”

“காட்னேன். நாலும் தெரிஞ்சுது. அப்ப ரெண்டு அதிகமா வந்துகீது, வாங்கின கடைல திருப்பிக் குடுன்னு கேட் பாஸ் போட்டுட்டாரு.”

“டிஸ்க்கையே திருப்பிக் குடுத்துட வேண்டிதான?”

“செக்யூரிட்டி உடல. பாஸ்ல ரெண்டுதான் போட்டுக்கீது, டிஸ்க்கு உள்ளயே இருக்கட்டும், அதிகப்படிய மட்டும் எடுத்துக்கினு போன்னுட்டாரு. வாங்கிக்கினேன்னு கடைக்காரரு கையெழுத்து போட்டாத்தான் நாளைக்கு என்னை உள்ள உடுவாங்களாம்.”

“பையில இன்னா கீது?”

“அதாண்ணா, அந்த ரெண்டு.”

மீஞ்சூரில் கூட்டம் ஏறி நெருக்கியது. பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, அந்தக் காலிப் பைக்கு இடம் விட்டார்.