நானூற்று அறுபது திங்கட்கிழமைகள் சுமந்த வரி

தொமாரிசவா பேரூர் அலுவலகத்தின் சாலைப் பிரிவில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றி, மார்ச் முப்பத்தொன்றாம் நாளாகிய இன்று ஓய்வு பெறும் திருமிகு இகராஷி மிட்சுயே அம்மையாருக்கு, பிரிவுப் பணியாளர் பதினொருவரும் அன்போடும் அதைவிட அதிகமான பெருமையோடும் படித்தளிக்கும் மடல்.

பட்டியலின் பேரரசியே! பென்சில் ஏந்திய பெருந்தகையே!

கடமையின் கலங்கரை விளக்கமே என்றும் விளித்திருப்போம். ஆனால் நம் ஊருக்குக் கடல் கிடையாது, மலையும் பனியும்தான். எனவே பனியிலும் பணி மறவாப் பண்பாளரே என்று திருத்திக்கொண்டோம். இன்றைய உங்கள் நோட்டுப் பக்கத்தில் ஐந்தாவது வரியாக, "பாராட்டு மடல், கேட்க வேண்டும், பத்து நிமிடம்" என்று நீங்கள் எழுதி வைத்திருப்பதையும் கண்டுவிட்டோம். பதினோராவது நிமிடத்துக்குப் போக எங்களுக்குத் துணிவில்லை.

ஆண்டுக்கு இரண்டு வீதம் எழுபத்தாறு நோட்டுகள். உள்ளங்கை அகலம், கறுப்பு அட்டை, செய்ய வேண்டியவை கரும்பென்சிலில், செய்து முடித்ததன் மேல் சிவப்புப் பென்சிலில் ஒரு கோடு. இதுவே உங்கள் ஆட்சி, இதுவே உங்கள் அரசியல் சாசனம். முடியாத வேலைகளை ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் புதுப் பக்கத்துக்குக் கையால் திரும்ப எழுதுவீர்கள். ஏன் இந்த வீண் வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம், எழுதிக் கை வலித்தால்தான் வேலையை முடிக்கத் தோன்றும் என்று பதில் சொன்னீர்கள். பட்டியலில் இல்லாத வேலை ஒன்றைத் தற்செயலாகச் செய்துவிட்டால், அதை எழுதிவிட்டு உடனே அடிப்பீர்கள். அடிக்கும் சுகத்துக்காகவே எழுதினீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். மகான்களுக்கும் ஒரு சபலம் இருக்கலாம்.

ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாதத் திங்கட்கிழமை, அந்த நோட்டில் ஒரு வரி ஏறியது: "குரிமாதா பேருந்து நிறுத்தம், கூரை." அந்த மலைக் குடியிருப்பிலிருந்து வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்புக்காக மருத்துவமனைக்குப் போகும் ஹொஷினோ தோகுஜி அவர்கள் நம் முகப்பு மேசைக்கு வந்து கேட்டுக்கொண்டது அது. காலை ஏழு பன்னிரண்டுக்கு வர வேண்டிய பேருந்து பனிக்காலத்தில் எப்போது வரும் என்பது ஓட்டுநருக்கே தெரியாது. அதுவரை அவர் வெட்டவெளியில் நிற்க வேண்டும். ஏறிய வரி இறங்கவில்லை. இந்த மடலுக்காக நோட்டுகளைப் புரட்டி எண்ணினோம். நானூற்று அறுபது திங்கட்கிழமைகள் அதைக் கையால் திரும்ப எழுதியிருக்கிறீர்கள். அதே கையெழுத்து, ஓர் எழுத்தில்கூடச் சலிப்பில்லை.

இடையில் நாங்கள் முன்னேறினோம். காகிதமற்ற அலுவலகம் வந்தது. தொண்ணூறு நாள் யாரும் தொடாத மனு தானாகவே பச்சை நிறமாகி "முடிந்தது" என்று காட்டும் அற்புதத் திரை வந்தது. தொடாமல் இருப்பதில் இந்தப் பிரிவு ஏற்கெனவே தேர்ச்சி பெற்றிருந்ததால், டிசம்பருக்குள் நிலுவை பூஜ்யமானது. பயறு பூரணம் வைத்த பலகாரம் பரிமாறி, பிரிவுத் தலைவர் மிசோகுச்சி அவர்கள் உரையாற்றி, வேறு ஏதாவது உண்டா என்று மரபுக்காகக் கேட்டார். மரபை அறியாத நீங்கள் எழுந்து, நோட்டை விரித்துப் பதினான்கு வேலைகளை வாசித்தீர்கள்.

"இகராஷி-சான், திரையில பூஜ்யம்னுதானே இருக்கு?" என்றார் தலைவர்.

"திரையில பூஜ்யம் இருக்கு. ஹொஷினோ-சான் தலையில பனி இருக்கு" என்றீர்கள்.

பலகாரம் அன்று தட்டுகளிலேயே மிஞ்சியது. இந்தப் பத்தியை எடுத்துவிடலாமா என்று தலைவரிடம் கேட்டோம். இருக்கட்டும் என்றார்.

குற்றமே இல்லாதவர் என்று உங்களைப் புகழ்ந்து சட்டம் போட்டு மாட்டினால், அந்தச் சட்டத்தைக் கழற்றித் திருத்திவிட்டு மீண்டும் மாட்டுவீர்கள். ஆகையால் உங்கள் ஒரே குற்றத்தையும் இங்கே பதிகிறோம். சென்ற ஆண்டு ஜனவரியில் விஷக்காய்ச்சலில் எட்டு நாள் படுத்தீர்கள். திரும்பி வரும்போது உங்களுக்குச் சுமை இருக்கக் கூடாது என்று துணைத் தலைவர் தகஹாமா அவர்கள், திங்கட்கிழமைப் பக்கத்தைத் தாமே உங்களைப் போல் எழுதி, திரையோடு ஒப்பிட்டு, பச்சையாக இருந்ததையெல்லாம் அளவுகோல் வைத்துச் சிவப்பில் அடித்துவிட்டார். அன்பினால் செய்தது, அளவுகோலே அதற்குச் சான்று. பனி கொட்டும் எட்டு நாளில் கூரை எப்படி முளைத்தது என்று வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். நீங்களோ உங்கள் கண்ணைவிடச் சிவப்புக் கோட்டை நம்புகிறவர். கூரை அமைந்ததில் மகிழ்ச்சி, இத்தனை குளிர்காலம் காக்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று அன்றே ஹொஷினோ அவர்களுக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டு, பட்டியலில் "அஞ்சலட்டை" என்று எழுதி அதையும் அடித்தீர்கள்.

மூன்றாம் நாள் அவர் மருத்துவமனையிலிருந்து நேரே வந்தார். கையில் ஊசி போட்ட இடத்தில் கட்டு, அந்தக் கையிலேயே அஞ்சலட்டை. கோபமே இல்லாமல் கேட்டார்:

"தேடிப் பாத்தேம்மா. பனிக்கு அடியில எங்கயாவது இருக்கா?"

அந்த நிமிடத்தில் இந்த அலுவலகத்தில் தலை நிமிர்ந்திருந்தவர் அவர் ஒருவரே. தகஹாமா அவர்கள் தம் தவறு என்று சொல்ல வாயெடுத்தார். எழுத்தர் பிழை என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்றார் தலைவர். இரண்டுக்கும் நீங்கள் இடம் கொடுக்கவில்லை. "கோடு என் நோட்டுல இருக்கு. அப்ப தப்பும் என்னுதுதான்" என்று சொல்லி, இடுப்பு வளைய வணங்கி, அவர் கண்முன்பே அந்த வரியைப் புதிதாக எழுதினீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை நீங்கள் அலுவலகத்துக்கு வேறு வழியாக வந்தீர்கள். விடியற்காலையில் குரிமாதாவுக்குப் போய், அவரோடு ஒரே குடையில் நின்று, அதே பேருந்தில் இறங்கி வந்தீர்கள். பனி உருகும்வரை எல்லாத் திங்கட்கிழமையும் அப்படியே. யாரிடமும் சொல்லவில்லை, உங்கள் நனைந்த காலணி சொல்லியது. ஐந்தாவது வாரம் மிசோகுச்சி அவர்களும் அங்கே போய் நின்றார், அலுவலகக் காலணியோடு, நாற்பத்து மூன்று நிமிடம். பேருந்தில் ஏறும்போது ஹொஷினோ அவர்கள் அவர் தோளிலிருந்த பனியைத் தட்டிவிட்டாராம். மறுநாள் கூரைக்கான முன்மொழிவைத் தலைவர் தம் கைப்பட எழுதினார். திரையில் அதற்கு இடமில்லாததால் காகிதத்தில் எழுதினார். பேரூர் மன்றம் ஏற்றது.

இங்கே வெற்றி முரசு கொட்டி முடிக்கவே எங்களுக்கும் ஆசை. ஆனால் பொய்யான கோடு இன்னொன்று போட மாட்டோம். சென்ற இலையுதிர் காலத்தில் தூண்கள் எழுந்தன. முன்கூட்டியே விழுந்த பனியில் வேலை நின்றது. நான்கு தூண்களுக்கு நடுவே நிற்கும்போது பனி முன்னைவிட ஒழுங்காக விழுகிறது என்று ஹொஷினோ அவர்கள் சொல்லி அனுப்பினார். கூரை கேட்ட பிறகு, எண்பது வயதில் அவருக்கு இது ஒன்பதாவது குளிர்காலம். பத்தாவதையும் அப்படியே நிற்க வைத்தால் அவர் தாங்குவாரா என்பதுதான் கேள்வி. ஏப்ரல் இருபதில் வேலை தொடங்கும் என்கிறார் ஒப்பந்தக்காரர். நீங்களோ இன்று போகிறீர்கள்.

நேற்று முன்தினம், கடைசித் திங்கட்கிழமை, புதுப் பக்கத்தில் அந்த ஒரு வரியை மட்டும் எழுதி மேசை நடுவில் வைத்து, "இத யாரு எடுத்துக்கிறீங்க?" என்று கேட்டீர்கள். யாரும் வாய் திறக்கவில்லை. நீங்களும் திரும்பக் கேட்கவில்லை. எங்கள் மௌனத்தை நீங்கள் எப்படிக் கொண்டீர்களோ என்று இரண்டு நாளாகக் கூசிக்கொண்டிருந்தோம். பதில் இதுதான்: அன்று மதிய உணவு வேளையில் மிசோகுச்சி அவர்கள் சந்தைத் தெரு எழுதுபொருள் கடைக்குப் போனார். மாலைக்குள் நாங்கள் அனைவரும் அங்கே போய்வந்துவிட்டோம். கறுப்பு அட்டை நோட்டு ஒன்பதோடு தீர்ந்துவிட்டது. கடைசியாகப் போன இருவரிடம் பள்ளிச் சிறுமிகளுக்கான ஸ்ட்ராபெரிப் படம் போட்ட நோட்டுகள் உள்ளன. அவற்றில் ஒன்று தகஹாமா அவர்களுடையது. அளவுகோலை அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டோம்.

அம்மையாரே! நீங்கள் நோயின்றி, நொடியின்றி, நெடுங்காலம் வாழ வேண்டும். நாளைக் காலை நோட்டில் எழுத எதுவும் தோன்றாவிட்டால் அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிட்டுத் தூங்க வேண்டும். எங்களை மறந்தாலும் பாதகமில்லை. திங்கட்கிழமைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

என்றும் தங்கள் அன்பு மாறாத,
சாலைப் பிரிவுப் பணியாளர் பதினொருவர்,
தொமாரிசவா பேரூர் அலுவலகம்.

பதினொரு நோட்டு, பதினொரு கையெழுத்து, முதல் பக்கம், முதல் வரி:
குரிமாதா பேருந்து நிறுத்தம், கூரை.