ஒசெல்லாவை அனுப்பி வச்ச புண்ணியவதி

இந்தப் படத்துல நடுவுல நிக்கறது ஒசெல்லாதான், அதுல என்ன சந்தேகம்? மெம்ஃபிஸ்ல யாரைப் படம் புடிச்சாலும் அவதான் நடுவுல வந்து நிப்பா. ஓரத்துல பாதிக் கை தெரியுதே, அது வெர்டியோடது. நாந்தான். ஆமா, பாட்டுல முன்னோடியா இருந்த பத்துப் பொம்பளைங்க பேரை உங்க மியூசியச் செவுத்துல எழுதப் போறீங்களாமே. என் பேரு வருதா?

பேசுவோம்ங்கறீங்க. சரி. டீயைக் குடிங்கம்மா. சக்கரை தூக்கலாத்தான் இருக்கும்.

இந்த ஊர்ல மொதமொதலா தன் பேர்ல இசைத்தட்டு போட்ட கறுப்புப் பொம்பளை ஒசெல்லா. எழுதிக்குங்க. குரலா? என்ன பெரிய குரல்! எங்க சர்ச் கொயர்ல இருபது பேரு. உன் சுருதி நூல் புடிச்சாப்ல இருக்குடி வெர்டின்னு போதகர் சம்சாரமே சொல்லுவாங்க. ஆனா ஈஸ்டருக்குத் தனிப்பாட்டு யாருக்கு? ஒசெல்லாவுக்கு. ஒம்போது வருஷம்! அவ வாயத் தொறந்தா கெழவிங்க எந்திரிச்சு ஆடுவாளுங்க. மயங்கி விழறவளுக்கு விசிற ஆளு ஓடும். நான் பாடுனா தலையாட்டுவாங்க. தலையாட்டறதை வச்சுக்கிட்டு என்ன பண்றது?

பொறாமையா? எனக்கா? அவ பாதம் எவ்வளவு பெருசுன்னு பாத்திருக்கீங்களா நீங்க?

அவளா சர்ச்சை விட்டுப் போகலம்மா, போக வச்சாங்க. ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அம்பத்திரெண்டுல. ஒரு சனிக்கெழம சாயங்காலம், குடியும் கூத்துமா இருக்கற பீல் தெரு கிளப்புல மேடை ஏறிப் பாடிட்டா. பாடுனது எதை? எங்க ஈஸ்டர் பாட்டை! இயேசுவேன்னு வர்ற எடமெல்லாம் ராசாவேன்னு மாத்திட்டா. அவ்வளவுதான் மாத்தம். மறுநா ஆராதனையில போதகர் அவளை எந்திரிச்சு நிக்கச் சொன்னாரு. எங்கள்ல அதான் வழக்கம். சபை முன்னால மன்னிப்புக் கேக்கணும், மூணு மாசம் கடைசி பெஞ்சுல வாயத் தொறக்காம உக்காரணும், அப்புறம் கொயர்ல சேத்துக்குவாங்க. கேட்டுத் தொலைச்சிருக்கலாம்ல? சர்ச்சுலயும் கிளப்புலயும் நான் மனசாரத்தான் பாடினேன் பாஸ்டர்னு சொல்லிட்டு, தொப்பியை மாட்டிக்கிட்டு நடந்தா பாருங்க, பெஞ்சுங்களுக்கு நடுவால வாசலுக்கு! திரும்பிக்கூடப் பாக்கல. சோத்துக்கு வேணுமே, பீல் தெருவுலயே பாடுனா. அடுத்த வருஷம் இசைத்தட்டு.

அவ போனதுக்கப்புறம் வந்த ஈஸ்டருக்குத் தனிப்பாட்டு எனக்கு வந்துச்சு. பாடுனேன். தலையாட்டுனாங்க.

நான் என்ன செஞ்சேனா? நியாயமான கேள்விதான். செவுத்துல பேர் வரணும்னா ஏதாவது செஞ்சிருக்கணும்ல.

அவ பேட்டியெல்லாம் படிச்சிருப்பீங்களே. போதகர்கிட்டக் கோள் சொன்ன புண்ணியவதி யாரோ, அவ இல்லேன்னா நான் ஆயுசுக்கும் ஈஸ்டர் பாட்டோட முடிஞ்சிருப்பேன்னு ஒவ்வொண்ணுலயும் சொல்லுவாளே. அது நாந்தாம்மா. கிளப் வாசல்ல நின்னு முழுப் பாட்டையும் கேட்டேன். நேரா போதகர் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அழுகை. பாட்டு அவ்வளவு நல்லா இருந்துச்சு.

ஐயய்யோ, அதை எழுதாதீங்க! எழுதுனதை அடிங்க, அடிச்சிருங்க. பேரும் வேணாம், ஒண்ணும் வேணாம். அவளுக்குத் தெரிஞ்சா இந்த வீடு தேடி வந்து, என்னைக் கட்டிப்புடிச்சு நன்றி சொல்லுவா. அதை மட்டும் என்னால தாங்க முடியாது.